நோன்பாளிக்கு நண்பகல் விருந்தா?
வெளிநாட்டுக் கல்விக்கு உதவித்தொகை கேட்டு எம்.பி. வாசலுக்குப் போவோம்!

2022 டிசம்பரில் சிறுபான்மை மாணவர்களின் முகத்துக்கு நேராக இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. மவுலானா ஆசாத் பெயரில் எம்.பில்., பி.எச்டி. ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்டு வந்த உதவித்தொகை நிறுத்தப்படுவதாக டிசம்பர் 8 அன்று மக்களவையில் அமைச்சர் ஸ்மிருதி இரானி பதில் சொன்னார். வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்கும் சிறுபான்மை மாணவர்களின் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் கொடுத்து வந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23 முதல் கைவிடப்பட்டது என்ற தகவல் அதே மாதத்தில் வங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏற்கனவே பெற்று வந்தவர்களுக்கு மட்டும் தொடருமாம். புதிதாக வருபவனுக்கு இடமில்லையாம்!

இந்தச் செய்தி கேட்டு நம் சமுதாயம் என்ன செய்தது? கண்டன அறிக்கைகள் வந்தன. மேடைகளில் ஆவேச உரைகள் முழங்கின. ஜும்ஆ மேடைகளிலும் இரண்டு வாரம் பேசப்பட்டது. அதன் பிறகு வேறொரு பிரச்சினை வந்தது. எல்லோரும் அதன் பின்னால் போய்விட்டார்கள். தமிழகத்திலிருந்து 39 பேர் மக்களவையிலும் 18 பேர் மாநிலங்களவையிலும் அமர்ந்திருக்கிறார்கள். இந்த 57 பேரில் எத்தனை பேரின் அலுவலகப் படியை நாம் ஏறினோம்? "எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி கேட்டு நீங்கள் சபையில் என்ன பேசினீர்கள்?" என்று எத்தனை பேரிடம் கேட்டோம்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் தன் மனசாட்சியிடம் பதில் சொல்லிக் கொள்ளட்டும்.

அமெரிக்கக் குடிமகன் என்ன செய்கிறான்?

பாலஸ்தீனத்தில் பச்சிளம் குழந்தைகளைக் கொன்று குவிக்கும் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடு அமெரிக்கா. அந்த அரசின் அக்கிரமங்களை இந்தப் பக்கங்களில் நாம் கண்டித்தே வந்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால் அந்த நாட்டின் சாதாரணக் குடிமகன் தன் மக்கள் பிரதிநிதியிடம் வேலை வாங்கும் விதம் இருக்கிறதே, அதை நாம் கவனித்தே ஆக வேண்டும்.

ஃபுல்பிரைட் உதவித்தொகை பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அர்கன்சாஸ் மாநில செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டு வந்த மசோதா அது. 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த போர்த் தளவாடங்களை விற்று வந்த பணத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்புவதுதான் ஏற்பாடு. போருக்கு வாங்கிய பொருள் படிப்புக்குப் போனது! இதுவரை 160க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் பயன் பெற்றுள்ளனர். தன் நாட்டுக்கு உலகெங்கும் நண்பர்களைச் சம்பாதிக்கும் அரசியல் நோக்கமும் இதில் உண்டு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை, அவர்களும் மறைப்பதில்லை.

இந்த நிதிக்கு ஆபத்து வராமல் இருந்ததா? பல முறை வந்தது. 2014ல் ஒபாமா அரசே சுமார் 3 கோடி டாலரை வெட்ட முன்மொழிந்தது. உடனே அந்த உதவித்தொகையில் படித்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். தத்தம் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுதினார்கள். நாடாளுமன்றம் அந்த வெட்டை ஏற்கவில்லை. 2017ல் டிரம்ப் அரசு ஏறத்தாழப் பாதியை வெட்டப் பார்த்தது. அப்போது இரு சபைகளிலும் டிரம்பின் கட்சிக்கே பெரும்பான்மை. அப்படியிருந்தும் நாடாளுமன்றம் இணங்கவில்லை!

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தங்கள் அதிபரின் சொல்லை மீறியது ஏன்? அவர்கள் திடீரென்று கல்விக் காவலர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. அவர்களுடைய தொகுதியின் கல்லூரிப் பேராசிரியரும், வெளிநாட்டு மாணவனைத் தன் வீட்டில் தங்க வைத்த குடும்பத் தலைவியும், படித்துத் திரும்பிய இளைஞனும் நேரில் வந்து அமர்ந்து பேசியிருக்கிறார்கள். சர்வதேசக் கல்வியாளர்களின் சங்கமான நாஃப்சா 1948ல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு வாஷிங்டனுக்குத் திரண்டு வருவார்கள். கொடி பிடித்துக் கோஷம் போட அல்ல. ஒவ்வொருவரும் தத்தம் மாநில உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போவார்கள். "நம் தொகுதிக்கு இதனால் இன்ன நன்மை. நிதியைக் குறைக்காதீர்கள்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓட்டுப் போடுபவன் நேரில் வந்து கேட்கும்போது எந்த அரசியல்வாதியும் காது கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு முறை வென்றதோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. 2025 பிப்ரவரியில் கல்விப் பரிமாற்றத் திட்டங்களுக்கான பணத்தை டிரம்ப் அரசு திடீரென்று நிறுத்தி வைத்தது. படிக்கப் போன பிள்ளைகள் வெளியூரில் தவித்தார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இந்த நிதியின் பெரும் பகுதியை அடியோடு வெட்டவும் முன்மொழிந்தது. 2025 ஜூனில் ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர், தேர்வில் அரசியல் தலையீடு என்று கூறி ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தனர். ஆகவே அவர்கள் மீண்டும் கடிதம் எழுதுகிறார்கள். மீண்டும் படி ஏறுகிறார்கள். அரசு கஜானாவில் ஒரு பிடி நிலைத்திருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஆண்டு போய்க் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். இதுதான் பாடம்.

சொன்ன காரணம் செல்லுமா?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஆசாத் உதவித்தொகையை நிறுத்தியதற்கு அமைச்சர் சொன்ன காரணம், இது மற்ற திட்டங்களோடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகிறது என்பது. அதாவது ஒரே ஆளுக்கு இரண்டு இலையாம்! வெளிநாட்டுக் கல்விக்கும் இந்த வாதத்தைப் பொருத்திப் பார்ப்போம். அந்த இன்னொரு இலை எங்கே இருக்கிறது?

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வட்டி மானியத் திட்டமா? அது இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டுமே. தேசிய வெளிநாட்டு உதவித்தொகையா? அதன் 125 இடங்களில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. அது அவர்களின் நியாயமான உரிமை. அதில் நாம் கை வைக்க வரவில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, முஸ்லிமாக இருக்கும் தலித் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வர முடியாதே! பிற்படுத்தப்பட்டோருக்கான வெளிநாட்டுக் கல்வி வட்டி மானியத் திட்டம் 2014-15ல் தொடங்கப்பட்டது. அங்கே போய்க் கேட்கலாமே என்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத முஸ்லிம் எங்கே போவான்? அதுவும் வட்டிக் கடனைச் சார்ந்த திட்டம்தான்; அதைப் பற்றிக் கீழே பேசுவோம்.

சிறுபான்மையினருக்குத் தனித் திட்டம் எதற்காக வந்தது? யாரையும் தாஜா செய்ய வரவில்லை. 2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சிறந்த கல்லூரிகளில் இளங்கலை படிப்போரில் 25 பேரில் ஒருவரும், முதுகலை படிப்போரில் 50 பேரில் ஒருவரும்தான் முஸ்லிம் என்று அது சொன்னது. 2001 கணக்கெடுப்பின்படி நம் மக்கள் தொகை 13.4 சதவீதம்! இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் திட்டங்கள் வந்தன. பள்ளம் நிரம்பிவிட்டதா? நிரம்பியது என்று காட்ட ஒரு கணக்கையாவது வெளியிட்டு விட்டு அல்லவா திட்டத்தை மூடியிருக்க வேண்டும்?

சிறுபான்மை நல அமைச்சகத்துக்கு 2022-23 பட்ஜெட்டில் ஒதுக்கியது 5,020 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே அது 3,097 கோடியாகச் சுருங்கியது. ஐந்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு போய்விட்டது! முஸ்லிம் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. குறைத்து வாங்குகிறார்களா? வரியில் சமத்துவம், உதவியில் மட்டும் பாகுபாடு!

இன்னொரு வேதனையையும் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மவுலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்). ஆலிம் குடும்பத்தில் பிறந்து, அரபியும் மார்க்கக் கல்வியும் கற்றவர். உலக நாடுகளின் மாணவர்களை இந்தியாவுக்கு அழைத்து உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கும் இந்தியக் கலாச்சார உறவுக் கழகத்தை 1950ல் நிறுவியவர் அவர்தான். ஃபுல்பிரைட் ஒப்பந்தத்தில் நேரு கையெழுத்திட்டதும் அதே 1950 பிப்ரவரியில், ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான். அவர் பிறந்த நவம்பர் 11ஐ 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடுகிறார்கள். படத்துக்கு மாலை, பெயரிலிருந்த உதவித்தொகைக்குப் பூட்டு!

நோன்பாளிக்கு நண்பகல் விருந்து

அரசைக் குறை சொல்வதோடு நின்றுவிட்டால் நாம் உண்மையில் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். படோ பர்தேஷ் மூடப்பட்டபோது சமுதாயத்தின் தீன்தாரிகள் பலர் வாய் திறக்கவில்லை. ஏன்? அது வட்டித் திட்டம்!

அதன் அமைப்பைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாணவன் வங்கியில் வட்டிக்குக் கல்விக் கடன் வாங்க வேண்டும். படிக்கும் காலத்துக்கும், படிப்பு முடிந்து குறிப்பிட்ட சில மாதங்களுக்கும் உரிய வட்டியை அரசு கட்டும். அதற்குப் பிறகு அசலையும் மிச்ச வட்டியையும் மாணவனே கட்ட வேண்டும். வட்டியை இறைவன் திருமறையில் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறான் என்பதை 2:275 முதல் 2:279 வரை ஓதியவர்கள் அறிவார்கள். வாங்குபவன், கொடுப்பவன், எழுதுபவன், சாட்சி சொல்பவன் நால்வரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஆதாரப்பூர்வமான ஹதீஸ் இருக்கிறது. முதல் சில ஆண்டு வட்டியை அரசு கட்டுகிறது என்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது. இதில் வளைந்து கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

முஸ்லிம் சமுதாயத்தின் பின்னடைவைக் காரணம் காட்டி ஒரு திட்டம் போட்டு, மார்க்கத்தைப் பேணும் முஸ்லிம் கை வைக்க முடியாத வடிவத்தில் அதை அமைப்பது எப்படிப்பட்ட உபசாரம்? நோன்பாளியை நண்பகல் விருந்துக்கு அழைத்துவிட்டு, "கூப்பிட்டோம், அவர் சாப்பிடவில்லை" என்று ஊரெல்லாம் சொல்வது போன்றது! பயனாளிகள் குறைவாக இருந்தால், அதற்கும் நம் மீதே பழி.

ஆலிம்களுக்கும் அடியேன் பணிவோடு ஒன்று சொல்லியாக வேண்டும். "வட்டி ஹராம்" என்ற ஃபத்வாவோடு நம் கடமை முடிந்துவிட்டதா? ஹராமான வாசலை அடைத்தவர்கள் ஹலாலான வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டாமா? தெலங்கானா அரசைப் பாருங்கள். சிறுபான்மை மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க 2015ல் முதலமைச்சர் பெயரில் திட்டம் தொடங்கி, தொகையைத் தலைக்கு 20 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. கடன் அல்ல, நேரடி உதவித்தொகை! வட்டிப் பேச்சே இல்லை. அங்கே முடிந்தது டெல்லியில் ஏன் முடியாது? தமிழக அரசும் 2025ல் முஸ்லிம் மாணவர்களுக்கு வெளிநாட்டு உதவித்தொகை அறிவித்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் இடங்களோ விரல் விட்டு எண்ணும் அளவுதான். அது விரிவடைய வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை "படோ பர்தேஷை அப்படியே திருப்பிக் கொடு" என்பதாக இருக்கக் கூடாது. "வட்டிக்கு மானியம் வேண்டாம், படிப்புக்கு உதவித்தொகை கொடு" என்பதே நம் கோரிக்கை. கட்டணமும் செலவும் நேரடியாக மாணவனுக்கு. எல்லாச் சிறுபான்மையினருக்கும். ஃபுல்பிரைட்டும் அப்படித்தான் கொடுக்கிறது. யாரிடமும் வட்டி வாங்குவதில்லை.

சபுராளிக்கு இல்லாத கவலை

"பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பினால் தீன் போய்விடுமே!" என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. 20 வயதில் கடன் வாங்கி விசா எடுத்து, மனைவியை ஊரில் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறானே, அந்த சபுராளியைப் பற்றி என்றாவது இப்படிக் கவலைப்பட்டோமா? பாரம் தூக்கப் போனால் பெருமை. படிக்கப் போனால் ஃபித்னாவா?

கல்விக்காகச் சீனம் வரை போகச் சொல்லும் ஹதீஸ் பலவீனமானது. அதை நாம் ஆதாரமாக எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. கல்வி தேடி ஒரு பாதையில் நடப்பவரின் சிறப்பைச் சொல்லும் உறுதியான நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தமக்குத் தெரியாததைக் கற்க மூஸா நபி (அலை) பயணம் போன வரலாறு கஹ்ஃப் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு மாத தூரம் பயணம் செய்த செய்தியை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். இவை மார்க்கக் கல்விக்கான பயணங்கள்தான். ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று பத்ருக் கைதிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் விதித்த ஈட்டுத்தொகையை எண்ணிப் பாருங்கள். கஜானாவுக்கு வர வேண்டிய பணத்தைக் குழந்தைகளின் எழுத்தறிவாக மாற்றிக் கொண்டார்கள். கற்றுக் கொடுத்தவர்களோ இணை வைத்தவர்கள்!

எம்.பி.யிடம் போவது இழிவா?

"அந்தக் கட்சிக்காரன் வாசலில் போய்க் கைகட்டி நிற்பதா?" என்று ரோஷப்படுகிறார்கள். சகோதரர்களே! உரிமையைக் கேட்கப் போகிறவன் ஏன் கைகட்ட வேண்டும்? நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) நின்றார்களே, அது கெஞ்சலா? தம் மக்களின் நிலையைத் தெளிவாகவும் கண்ணியமாகவும் எடுத்துரைத்தார்கள். எதிர்த்தரப்பு பரிசுப் பொருட்களோடு வந்திருந்தது. இவர்களிடம் உண்மை மட்டுமே இருந்தது. தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்தது. நல்ல காரியத்துக்குப் பரிந்து பேசுகிறவருக்கு அதில் பங்கு உண்டு என்ற செய்தி திருக்குர்ஆன் 4:85ல் இருக்கிறது.

"மத்தியில் இருப்பவர்கள் கொடுக்கவா போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: டிரம்ப் கொடுக்கவா நினைத்தார்? கேட்டவர்கள் சோரவில்லை, அதனால் நின்றது. ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்ட விவரம் சபைக் குறிப்பில் ஏறியதே, கேரள எம்.பி. ஒருவர் எழுப்பிய கேள்வியால்தான். ஒரு கேள்விக்கு அந்த வலிமை இருக்கிறது. தமிழக எம்.பி.க்கள் 57 பேரும் ஆளுக்கொரு கேள்வி எழுப்பினால் என்ன ஆகும்?

செய்ய வேண்டியவை

ஒன்று: காலம் பார்த்துப் போக வேண்டும். பட்ஜெட் பிப்ரவரி 1ல் வாசிக்கப்படுகிறது. அமைச்சகங்கள் அதற்கு முந்தைய மாதங்களிலேயே கணக்குப் போட்டுவிடுகின்றன. பட்ஜெட் வந்த பிறகு கத்துவது ஜமாஅத் முடிந்த பிறகு பள்ளிக்கு ஓடுவது போன்றது. அக்டோபர், நவம்பரில் எம்.பி.யைச் சந்தித்தாக வேண்டும்.

இரண்டு: சரியான ஆட்களை அனுப்ப வேண்டும். ஊர் ஜமாஅத் தலைவர் ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், வெளிநாட்டில் இடம் கிடைத்தும் பணமின்றிப் போக முடியாத மாணவரோ மாணவியோ ஒருவர். பாதிக்கப்பட்டவர் பேசும்போது மறுப்புச் சொல்வது கடினம். படோ பர்தேஷில் 35 சதவீதம் மாணவியருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே நம் பெண் பிள்ளைகளின் இழப்பையும் எடுத்துச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ சகோதரர்களையும் உடன் அழைத்துப் போங்கள், இழந்தது அவர்களும்தான்.

மூன்று: எழுத்தில் கொடுங்கள். ஒரே பக்கம் போதும். தமிழிலேயே எழுதலாம்; குறை தீர்க்கக் கோரி மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் தமிழிலேயே மனு கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு தருகிறது. சபையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். சமூக நீதித் துறைக்கான நிலைக்குழுதான் சிறுபான்மை அமைச்சகத்தின் நிதிக் கோரிக்கையை ஆராய்கிறது. அங்கும் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நான்கு: கணக்கோடு போங்கள். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 2013-14 முதல் படோ பர்தேஷில் தமிழகத்துக்குக் கிடைத்தது எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஆவேசப் பேச்சு காற்றில் போகும். எண் கோப்பில் நிற்கும்.

ஐந்து: இருக்கும் வாசல்களையும் தட்டுங்கள். ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு 2008 ஒப்பந்தத்தின்படி இந்திய அரசும் பங்கு போட ஒப்புக் கொண்டது. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. பிரிட்டனின் செவனிங் இருக்கிறது. காமன்வெல்த் உதவித்தொகை இருக்கிறது. இவை எதிலும் வட்டி இல்லை, மதம் கேட்பதும் இல்லை. ஜும்ஆ முடிந்ததும் கல்யாண அழைப்பை அறிவிக்கும் நாம், இவற்றின் கடைசித் தேதிகளையும் அறிவித்தால் என்ன?

ஒரு வலீமா விருந்துக்கு லட்சங்களைக் கொட்டும் செல்வந்தர்களே, இந்த வேலைக்கான பயணச் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள். பேச்சாளர்களே, கைதட்டல் வாங்கியது போதும். கையெழுத்து வாங்கப் புறப்படுங்கள். ஒவ்வொரு மக்களவைத் தொகுதியிலும் நம் கிளை நிர்வாகிகள் வரும் அக்டோபருக்குள் ஒரு முறையாவது எம்.பி.யை நேரில் சந்தித்து, கொடுத்த மனுவின் நகலையும் கிடைத்த பதிலையும் தலைமைக்கு அனுப்பி வைக்கட்டும். பதில் தராதவரிடம் மறுபடியும் போவோம். தேர்தல் நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் கைகூப்பி வருவாரே, அப்போதும் அதே மனுவின் நகலை அவர் கையில் கொடுப்போம்.

நம் முயற்சியை இறைவன் பொருந்திக் கொள்வானாக! வெற்றி அவன் கையில். முயற்சி நம் கடமை.